'எழுதின' என்னும் பெயரெச்சம்: நற்செய்தி நூல்களின் ஆக்கியோர் குறித்து ஒரு திறனாய்வு

தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாட்டின் முதல் நூல் 'மத்தேயு எழுதின சுவிசேஷம்' என்னும் தலைப்பைத் தாங்கி நிற்கிறது. அடுத்துவரும் மூன்று நூல்களும் மாற்கு, லூக்கா, யோவான் ஆகியோர் 'எழுதின' சுவிசேஷங்களே. கத்தோலிக்கத் திருச்சபையாரும் பிற திருச்சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இத்தலைப்பை 'மத்தேயு நற்செய்தி' எனச் சுருக்கிக்கொண்டது. எனினும் கத்தோலிக்கத் திருவழிபாட்டில் நற்செய்தி வாசகத்தை அறிவிக்கும் தொடரில் 'எழுதிய' என்னும் சொல் இன்றும் ஒலிக்கிறது. கிரேக்கக் கையெழுத்துப்படிகளின் தலைப்பிலோ 'எழுதுதல்' என்னும் வினையே இல்லை. அங்குள்ளது 'கத்தா' என்னும் ஓர் இடைச்சொல் மட்டுமே. 'எவங்கேலியோன் கத்தா மத்தையோன்' என்பதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கின் 'மத்தேயுவின்படி நற்செய்தி' என்றாகும்.

இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயின் 'எழுதின' என்னும் இறந்தகாலப் பெயரெச்சம் தனக்கு முன்நிற்கும் பெயரை ஐயத்துக்கு இடமின்றி வினைமுதலாக்கிவிடுகிறது. சிறப்புப் பாயிரத்துக்கு உரியனவாகச் சொல்லப்பட்ட எட்டனுள் ஆக்கியோன் பெயரை முதற்கண் வைத்தெண்ணும் மரபில் பயின்ற தமிழ் வாசகர், தலைப்பில் காணும் பெயரை நூலின் உறுப்பாகவே கொள்வர். அதனால், இந்நூலைத் திருத்தூதர் மத்தேயு எழுதவில்லை என்று ஓர் ஆய்வாளர் கூறும்பொழுது, நூல் பொய்யுரைக்கிறது என்று அவர் கூறுவதாகவே அவ்வாசகர் செவியில் விழுகிறது. உண்மையில் அந்நூல் தன் ஆசிரியர் இன்னார் என்று ஓரிடத்தும் கூறவில்லை. கூறாத ஒன்றைக் கூறியதாகக் கொண்டு அதனைக் காப்போரும் மறுப்போரும் ஒருங்கே இடர்ப்படுகின்றனர். தலைப்பால் வந்த பெயர், நூலுக்குள்ளேயே நிற்கும் பெயர், எவ்விடத்தும் பெயரின்மை என்னும் மூன்று நிலைகளையும் பிரித்து நோக்கினாலன்றிப் புதிய ஏற்பாட்டு நூல்களின் ஆக்கியோர் பற்றிய வழக்கு தெளிவுறாது.

தலைப்புகளின் காலம்

நான்கு நற்செய்தி நூல்களின் மூல ஏடு எதுவும் இன்று இல்லை. கிடைப்பன படிகளின் படிகளே. யோவான் நற்செய்தியின் பெரும்பகுதியைக் கொண்ட 66ஆம் எண் பப்பைரசுச் சுவடியில் 'கத்தா யோவான்' என்னும் வடிவில் தலைப்பு உண்டு. 75ஆம் எண் சுவடியில் லூக்கா நற்செய்தி முடிந்து யோவான் நற்செய்தி தொடங்கும் ஒரே பக்கத்தில் இரு பெயர்களும் காணப்படுகின்றன. இவை கி.பி. 200ஐ ஒட்டியவை எனப் பலகாலம் கருதப்பட்டன. எழுத்தமைதியை மட்டும் கொண்டு அத்துணை முற்காலத்தை உறுதிசெய்ய இயலாது எனவும், நான்காம் நூற்றாண்டு வரை அவற்றைக் கீழிறக்க இடமுண்டு எனவும் அண்மைக்கால ஆய்வாளர் சிலர் வாதிடுவர். நான்காம் நூற்றாண்டின் பெருஞ்சுவடிகளாகிய வத்திக்கான் சுவடியும் சீனாய்ச் சுவடியும் 'கத்தா மத்தையோன்' என்று குறுகிய வடிவிலேயே தலைப்பிடுகின்றன.

கிரேக்க நூல்களில் ஆசிரியர் பெயர் வேற்றுமை உருபேற்று 'இன்னாருடையது' எனக் கிழமைப் பொருளில் வருதலே பெருவழக்கு. 'கத்தா' என்னும் இடைச்சொல்லோடு ஆசிரியரைக் குறித்தல் அரிது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பைச் சுட்டுகையில் 'எழுபதின்மரின்படி' என்பது போன்ற ஆட்சிகள் ஒரே நூலின் வேறுபட்ட வடிவங்களைக் குறிப்பவை. எனவே இத்தலைப்பின் உட்கிடை, நற்செய்தி ஒன்றே, அது நால்வர் வழியாக நான்கு வடிவில் வந்தது என்பதாகும். ஆயினும் இதனை அளவுகடந்து வலியுறுத்துதல் தகாது. தலைப்பிட்டோர் மத்தேயுவை ஆசிரியராகக் கருதவில்லை என்பது இதனால் பெறப்படவில்லை. பண்டைத் திருச்சபைத் தந்தையர் அனைவரும் அப்பெயர்களை ஆசிரியர் பெயராகவே கொண்டனர். 'கத்தா' ஆசிரியத்துவத்தை மறுக்கும் சொல்லன்று. அதனை முதன்மைப்படுத்தாத சொல் என்பதே பொருந்தும்.

இத்தலைப்புகள் எப்பொழுது வந்தன? இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் உரோமையில் எழுதிய யுசுதீன், 'திருத்தூதர்களின் நினைவுரைகள்' என்றும், அவை நற்செய்திகள் எனப்படுகின்றன என்றும் குறிப்பிடுகிறார். அவற்றைத் திருத்தூதர்களும் அவர்களைப் பின்பற்றியோரும் ஆக்கினர் என்கிறார். நால்வர் பெயரையும் ஒருங்கே வைத்து அவர் கூறவில்லை. கி.பி. 180ஐ ஒட்டி இலியோன் நகர ஆயர் இரேனியுசு நால்வரையும் பெயர் சுட்டி, நான்கு திசைகளும் நான்கு காற்றுகளும் இருத்தல்போல நற்செய்தியும் நான்காதல் வேண்டும் என வாதிடுகிறார். இவ்விரு எல்லைகளுக்கிடையில் பெயர்கள் நிலைபெற்றன என்பது ஒரு சாரார் கொள்கை. செருமானிய அறிஞர் மார்ட்டின் எங்கல் இதனை ஏற்கவில்லை. தலைப்புகள் காலந்தாழ்ந்து வெவ்வேறு ஊர்களில் இடப்பட்டிருப்பின் ஒரே நூலுக்கு வெவ்வேறு பெயர்கள் வழங்கியிருக்க வேண்டும். அவ்வாறு ஒரு படியும் கிடைக்கவில்லை. ஆதலின், ஒன்றுக்கு மேற்பட்ட நற்செய்திகள் ஒரே சபையில் வாசிக்கப்பட்ட பொழுதே பெயரிட்டு வேறுபடுத்தும் தேவை எழுந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். வலிமையான வாதமே. ஆனால் அது பெயரின் பழைமையை நிறுவுமேயன்றிப் பெயரின் மெய்ம்மையை நிறுவாது. எங்கலைப் பின்பற்றுவோர் பலர் இவ்விரண்டனையும் ஒன்றாக்கிவிடுகின்றனர்.

பாப்பியாசின் சான்று

மரபுக் கொள்கைக்கு அடிப்படையான தொன்மைச் சான்று பாப்பியாசினுடையது. இவர் சின்ன ஆசியாவின் எராப்பொலி நகர ஆயர். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் ஆண்டவரின் மொழிகளுக்கு ஐந்து பகுதிகளில் விளக்கம் எழுதியவர். அந்நூல் மறைந்துவிட்டது. நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியசு எடுத்தாண்ட சில பகுதிகளே எஞ்சின. பாப்பியாசை அறிவிற் சிறியவர் என்று அதே நூலில் யூசேபியசு இகழ்ந்தும் உரைக்கிறார் என்பதை மறத்தலாகாது. ஆயிரமாண்டு உலக அரசு பற்றிய பாப்பியாசின் கொள்கை அவருக்கு உடன்பாடன்று.

பாப்பியாசு, 'மூப்பர்' எனத் தாம் சுட்டும் ஒருவரிடம் கேட்டதாக மாற்கைப் பற்றிச் சொல்வது இது: மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளர், தாம் நினைவுகொண்டவற்றைப் பிழையின்றி எழுதினார், ஆயினும் வரிசைப்படுத்தி எழுதவில்லை, அவர் இயேசுவை நேரிற் கேட்டவரும் அல்லர், பின்சென்றவரும் அல்லர். இக்கூற்றில் ஒரு தற்காப்புத் தொனி உண்டு. மாற்கின் வரிசைமுறையை எவரோ குறைகூறியிருக்க, அதற்கு விடையாகவே பேதுருவின் பெயர் முன்வைக்கப்படுகிறது. விருப்பு வெறுப்பற்ற நூற்குறிப்பாக இதனைக் கொள்ளல் இயலாது. எனினும் இதன் மறுபக்கமும் எண்ணத்தக்கது. நூலுக்குப் பெருமை சேர்க்கவே பெயர் புனைந்தனர் எனின், பேதுருவின் பெயரையே நேராக இட்டிருக்கலாம். பேதுருவின் பெயர் தாங்கிய வேறொரு நற்செய்தி இரண்டாம் நூற்றாண்டில் வழங்கியதும் உண்டு. திருத்தூதர் அல்லாத மாற்கையும் லூக்காவையும் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம், அப்பெயர்கள் உண்மையாகவே நூலோடு ஒட்டியிருந்தமையே என மரபுவாதியர் உரைப்பர். மாற்கைப் பொறுத்தவரை இதற்கு நிறைவான மறுப்பு இதுவரை வரவில்லை. பேதுருவின் முதல் திருமுக இறுதியில் மாற்கு 'மகன்' எனச் சுட்டப்படுவதிலிருந்து (5:13) உய்த்துணர்ந்து பெயரிட்டனர் என்பது இயலக்கூடிய ஊகமேயன்றி மறுப்பாகாது.

மத்தேயுவைப் பற்றிய பாப்பியாசின் கூற்றோ வேறுவகைச் சிக்கலுடையது. மத்தேயு எபிரேய மொழியில் 'மொழிகளை'த் தொகுத்தார் என்றும், அவற்றை ஒவ்வொருவரும் தத்தமக்கு இயன்றவாறு பெயர்த்துக்கொண்டனர் என்றும் அவர் கூறுகிறார். இன்றுள்ள மத்தேயு நற்செய்தி மொழிபெயர்ப்பு நடையினது அன்று. மாற்கு நற்செய்தியின் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்குப் பொருள் மத்தேயுவில் இடம்பெறுகிறது. பல இடங்களில் கிரேக்கச் சொல்லும் சொற்கிடக்கையும்கூட ஒன்றாகவே உள்ளன. எபிரேயத்திலோ அரமேயத்திலோ தனித்து எழுதப்பட்டுப் பின்னர்ப் பெயர்க்கப்பட்ட நூல், முன்னரே கிரேக்கத்தில் இருந்த மற்றொரு நூலோடு சொல்லுக்குச் சொல் இயைதல் அரிதினும் அரிது. ஆதலின் பாப்பியாசு குறித்தது இன்றுள்ள நூலை அன்று, இயேசுவின் மொழிகளை மட்டும் கொண்ட வேறொரு தொகுப்பையே என 1832இல் சிலையர்மாக்கர் கருதினார். மாற்கு நற்செய்தியும் ஒரு மொழித்தொகுப்பும் மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் மூலங்களாயின என்னும் இருமூலக் கொள்கையை 1838இல் வைசே முன்வைத்தார். பின்னர் அதுவே பெரும்பான்மைக் கொள்கையாயிற்று. அக்கொள்கையை மறுத்து மத்தேயுவே முதல்நூல் என்போர் இன்றும் உளர். 1964இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் பார்மர் அவ்வாதத்தைப் புதுப்பித்தார்.

நூல்கள் தரும் அகச்சான்று

மத்தேயு நற்செய்தியில், சுங்கச்சாவடியில் அமர்ந்திருந்தவர் மத்தேயு எனப்படுகிறார் (9:9). அதே நிகழ்வை மாற்கும் லூக்காவும் லேவி என்பவர்மீது ஏற்றிக் கூறுகின்றனர். இப்பெயர் மாற்றமே இந்நூல் மத்தேயு பெயரோடு தொடர்புறக் காரணமாயிருக்கலாம். தம் அழைப்பைத் தாமே விவரிக்கும் ஒருவர், அதனை நேரிற் காணாத மாற்கின் சொற்களைக் கொண்டா விவரிப்பார் என்னும் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. மரபை முற்றிலும் துறக்க விரும்பாதோர், இயேசுவின் மொழிகளைத் தொகுத்தவர் மத்தேயு, அத்தொகுப்பை உள்ளடக்கிய நூல் அவர் பெயரைப் பெற்றது என அமைதி காண்பர். 'மத்தேயுவின்படி' என்னும் மூலத் தலைப்பு இவ்விளக்கத்துக்கு இடந்தருகிறது. 'மத்தேயு எழுதின' என்னும் தமிழ்த் தலைப்பு தருவதில்லை.

லூக்கா நற்செய்தி நான்கனுள் தனித்து நிற்பது. பாயிரம் போன்ற முன்னுரை உடையது அது ஒன்றே. தமக்கு முன்னரே பலர் இவ்வரலாற்றை எழுத முயன்றனர் எனவும், கண்கண்டோர் ஒப்படைத்தவாறு தாமும் ஆய்ந்து எழுதுவதாகவும் ஆசிரியர் தன்மையிடத்தில் உரைக்கிறார். நூலைப் பெறும் தெயோபிலு பெயர் சுட்டப்பெறுகிறார். தருபவர் பெயர் இல்லை. ஒருவருக்குப் படைக்கப்பெற்ற நூலின் ஆசிரியரை அவர் அறியாதிருத்தல் இயலாது. ஆதலின் ஆசிரியர் பெயர் தொடக்கத்திலிருந்தே நூலோடு வழங்கியிருக்க வேண்டும் என்பர். ஆசிரியர் கண்கண்டோரினின்று தம்மைப் பிரித்துக்கொள்வதும் நோக்கத்தக்கது. முன்னோர் நூல்களைப் பயன்கொண்டமையை ஒளியாது கூறும் இந்நேர்மை ஏனை மூன்று நூல்களில் இல்லை.

இதே ஆசிரியரின் இரண்டாம் நூலாகிய திருத்தூதர் பணிகளில், படர்க்கையில் செல்லும் வரலாறு 16ஆம் அதிகாரத்தில் திடீரென 'நாங்கள்' எனத் திரும்புகிறது. 20, 21, 27, 28ஆம் அதிகாரங்களிலும் அவ்வாறே. பவுலின் பயணத் துணைவர் ஒருவர் ஆசிரியர் என்பதற்கு இதுவே தலையாய சான்று. பவுலோடு இறுதிவரை இருந்தவர் லூக்கா என்பது திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தால் (4:11) பெறப்படும். கொலோசையர் திருமுகம் அவரை மருத்துவர் என்கிறது. இவ்வடிப்படையில் 1882இல் ஓபார்ட்டு என்பவர் லூக்காவின் நூல்களில் மருத்துவக் கலைச்சொற்கள் மலிந்துள்ளன என ஒரு பெருநூல் எழுதினார். ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்குப் பின் என்றி காட்பரி, அதே சொற்கள் மருத்துவர் அல்லாத கிரேக்க ஆசிரியர்களிடமும் பரவலாக உள்ளமையை எடுத்துக்காட்டினார். லூக்காவின் மருத்துவப் பட்டத்தைப் பறித்துத் தாம் முனைவர் பட்டம் பெற்றவர் காட்பரி என்னும் நகைச்சுவை அத்துறையினரிடையே இன்றும் வழங்குகிறது. சொல்லடைவைக் கொண்டு ஆசிரியரின் தொழிலைத் துணிவோர், அச்சொல் பிறரிடம் வழங்கவில்லை என்பதையும் காட்டக் கடமைப்பட்டவர் என்பது இவ்வழக்கால் விளங்கும். திருத்தூதர் பணிகள் நூலில் பவுல் திருமுகம் எழுதியதாக ஒரு குறிப்பும் இல்லை என்பதும், எருசலேமில் நிகழ்ந்த பேச்சு பற்றி அந்நூல் 15ஆம் அதிகாரத்தில் கூறுவதும் கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் பவுலே கூறுவதும் எளிதில் பொருந்தாமையும் துணைவர் கொள்கைக்கு எதிரானவை. பயணத்தில் உடனிருந்தவர் பவுலின் கொள்கையையும் முற்ற உணர்ந்திருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அவ்வளவு உறுதியானதன்று என இதற்கு விடையிறுப்போரும் உளர்.

யோவான் நற்செய்தியிலும் 'எழுதுதல்' என்னும் வினை ஆசிரியரோடு சார்த்தி வருகிறது. இயேசுவின் அன்புச் சீடரே இவற்றை எழுதியவர் என்றும், அவர்தம் சான்று மெய்யென 'நாங்கள்' அறிவோம் என்றும் இறுதி அதிகாரம் (21:24) கூறுகிறது. சான்றளிக்கும் 'நாங்கள்' எழுதியவரின் வேறானோர் என்பது வெளிப்படை. 20ஆம் அதிகாரத்தின் இறுதி நூல் முடிவு போலவே அமைந்திருத்தலின் 21ஆம் அதிகாரம் பிற்சேர்க்கை எனப் பலர் கருதுவர். ஆயினும் அவ்வதிகாரம் இல்லாத நூல் வழங்கியமைக்குத் தெளிவான சுவடிச் சான்று இல்லை. அன்புச் சீடர் யோவான் என்று நூல் கூறவில்லை. செபதேயுவின் மக்கள் இருவரும் பெயரின்றியே ஒருமுறை சுட்டப்படுகின்றனர். மேலும் 'எழுதுதல்' என்பது தன் கையால் வரைதலைத்தான் குறிக்கும் என்பதும் இல்லை. இதே நூலில் பிலாத்து சிலுவைமேல் குற்ற அறிக்கை எழுதினான் எனவும் வருகிறது (19:19). ஆளுநர் தாமே பலகையில் எழுத்து வரைந்தார் என எவரும் கொள்வதில்லை. எழுதுவித்தார் என்றே கொள்வர்.

திருமுகங்கள்: பெயர் உள்ளேயே நிற்கும் நிலை

நற்செய்திகளை விட்டுத் திருமுகங்களுக்கு வரும்பொழுது வினாவின் இயல்பே மாறுகிறது. பவுலின் பெயரால் உள்ள பதின்மூன்று திருமுகங்களிலும் அப்பெயர் முதற்சொல்லாக நூலுக்குள்ளேயே நிற்கிறது. இங்குப் பெயர் பிறழ்ந்தது எனின், பின்வந்தோர் தவறாக ஊகித்தனர் என அமைய இடமில்லை. எழுதியவரே பிறர் பெயரில் எழுதினார் என்பதாகும். இவ்வேறுபாட்டைக் கருதாது, 'நற்செய்திகளும் திருமுகங்களும் போலி ஆசிரியர் பெயருடையன' என ஒரே மூச்சில் உரைப்பது ஆய்வன்று.

உரோமையர், கொரிந்தியர் முதலாவது இரண்டாவது, கலாத்தியர், பிலிப்பியர், தெசலோனிக்கர் முதலாவது, பிலமோன் ஆகிய ஏழும் பவுலுடையவை என்பதில் இன்று ஏறத்தாழ அனைவரும் ஒருமித்துள்ளனர். திமொத்தேயுவுக்கு இரண்டு, தீத்துவுக்கு ஒன்று ஆகிய மூன்றும் பவுலுடையன அல்ல என்பது பெரும்பான்மைக் கருத்து. எபேசியர், கொலோசையர், தெசலோனிக்கர் இரண்டாவது ஆகியவற்றில் கருத்து பிளவுபட்டுள்ளது. ஐயம் 1807இல் திமொத்தேயு முதல் திருமுகத்தின்மீது சிலையர்மாக்கரால் எழுப்பப்பட்டது. 1921இல் ஆரிசன் என்பார் இம்மூன்று திருமுகங்களிலும் சிறப்புப்பெயர் நீங்கலாக 848 சொற்கள் உள்ளன எனவும், அவற்றுள் 306 பவுலின் ஏனைய பத்தில் காணப்படாதவை எனவும் கணக்கிட்டார். இவ்வெண்ணிக்கை பலரை வென்றது. ஆயினும் நூலளவு சிறிதாயின் எண்ணிக்கை ஏமாற்றும். பிற்காலத்தில் கணிப்பொறி கொண்டு செய்த நடையளவை ஆய்வுகள் ஒன்றற்கொன்று முரணின. 1960களில் மார்ட்டன் ஒரு சில திருமுகங்களையே பவுலுடையவை எனக் கொண்டார். 1986இல் அந்தோணி கென்னி தீத்து நீங்கலாக ஏனையவற்றை ஒருவரே எழுதியிருக்கத் தடையில்லை என்றார். சொல்லெண்ணிக்கையைக் காட்டிலும், நிலைபெற்ற சபைப் பதவிகளையும் ஒப்படைக்கப்பெற்ற கோட்பாட்டையும் முதன்மையாகக் கருதும் இம்மூன்று நூல்களின் சூழல் பவுலின் காலத்துக்குப் பிற்பட்டதாகத் தோன்றுவதே வலுவான காரணம்.

'எழுதுதல்' என்னும் சொல்லின் இருபொருள் இங்கும் தலைகாட்டுகிறது. உரோமையருக்குப் பவுல் எழுதிய திருமுகத்தின் இறுதியில் தெர்த்தியு என்பவர் இடையே புகுந்து, இத்திருமுகத்தை எழுதியவர் தாமே எனக் கூறி வாழ்த்துரைக்கிறார் (16:22). தலைப்பில் எழுதியவர் பவுல், உள்ளே எழுதியவர் தெர்த்தியு. முரண் ஏதுமில்லை, ஒருவர் சொல்ல ஒருவர் வரைந்தார். கலாத்தியர் இறுதியில் பவுல் தம் கையாலேயே பெரிய எழுத்துகளில் எழுதுவதாகக் கூறுவதும் முற்பகுதி பிறர் கையால் வரையப்பட்டதை உணர்த்தும். இயற்றுதல் வேறு, ஏடெழுதுதல் வேறு என்பது தமிழ்ச் சுவடி மரபும் நன்கறிந்த ஒன்று. சுவடியின் இறுதியில் தம் பெயரைப் பொறித்து எழுதி முடித்தமையைக் கூறுபவர் நூலாசிரியர் அல்லர். அவ்வகையில் நோக்கின், தலைப்புக்கு 'எழுதின' என்னும் சொல்லைத் தெரிந்தமை தமிழ் வழக்குக்கும் முழுதும் இசைந்ததன்று.

எழுத்தரின் பங்கு எவ்வளவு என்பதே பேதுருவின் முதல் திருமுக வழக்கின் மையம். அதன் கிரேக்க நடை செம்மையானது. பேதுருவும் யோவானும் கல்வியறிவற்றவர் எனத் திருத்தூதர் பணிகள் (4:13) கூறுகிறது. சில்வான் வழியாக எழுதியதாகத் திருமுகமே (5:12) கூறுதலின் நடை அவருடையது எனச் சிலர் அமைதி கூறுவர். கிரேக்க மடல்களில் அத்தொடர் பெரும்பாலும் மடல் கொண்டுசென்றவரையே குறிக்கும் என்பது இதற்கு மறுப்பு. பேதுருவின் இரண்டாம் திருமுகம் யூதா திருமுகத்தைத் தழுவியது. பவுலின் திருமுகங்களை ஒரு தொகுப்பாகச் சுட்டுவது. அது பேதுருவினுடையது அன்று என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு குறைவு. பண்டைக் காலத்திலேயே ஒரிகனும் யூசேபியசும் அதனை ஐயத்துக்குரியதாக வைத்தனர்.

பிறர் பெயரில் எழுதுதல் அக்காலத்தில் குற்றமாகக் கருதப்படவில்லை, மாணவர் ஆசிரியர் பெயரில் எழுதுதல் இயல்பு என்னும் விளக்கம் இருபதாம் நூற்றாண்டில் பெருவழக்குற்றது. நம்பிக்கையையும் ஆய்வையும் ஒருங்கே காக்கும் இனிய விளக்கம் அது. ஆனால் சான்றுகள் அதற்குத் துணைநிற்கவில்லை. தெசலோனிக்கர் இரண்டாம் திருமுகம், தம் பெயரால் வந்தது போன்ற மடலைக் கண்டு கலங்க வேண்டா என எச்சரிக்கிறது (2:2); இறுதியில் தம் கையெழுத்தே அடையாளம் என்கிறது. இத்திருமுகம் பவுலுடையதாயின், அவர் வாழ்ந்த காலத்திலேயே அவர் பெயரில் போலி மடல் பற்றிய அச்சம் இருந்தது. அவருடையது அன்றாயின், இதுவே அத்தகு மடல், எச்சரிக்கை அதன் கவசம். எவ்வாறாயினும் பிறர் பெயரில் எழுதுதல் ஏற்கத்தக்கதாக இருந்தது என்பது இதனால் பெறப்படாது. பவுலின் பணிகள் பற்றிய நூலைப் பவுலின்பால் கொண்ட அன்பால் புனைந்ததாக ஒப்புக்கொண்ட ஆசிய மாநில மூப்பர் ஒருவர் பதவி இழந்தார் எனத் தெர்த்துல்லியன் பதிவு செய்துள்ளார். அன்பால் செய்தமை அவரைக் காக்கவில்லை. 2012இல் பார்ட்டு ஏர்மன் இச்சான்றுகளைத் தொகுத்து, இந்நூல்களைப் போலி என்றே வழங்க வேண்டும் என வாதிட்டார். சொல் கடுமையாயினும் வாதத்தின் இப்பகுதி அசைக்கப்படவில்லை.

பண்டையோரின் நடையாய்வு

ஆசிரியர் யார் என்னும் வினா ஐரோப்பிய அறிவொளிக் காலத்தின் கண்டுபிடிப்பு என்னும் எண்ணம் பரவலாக உண்டு. அது பிழை. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அலெக்சாந்திரிய ஆயர் தியோனீசியுசு, யோவான் நற்செய்தியையும் திருவெளிப்பாட்டையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒருவர் ஆக்கியவை ஆகா என முடிவுகட்டினார். நற்செய்தியாளர் தம் பெயரை ஓரிடத்தும் கூறாதிருக்க, வெளிப்பாட்டாளர் மீண்டும் மீண்டும் கூறுகிறார். நற்செய்தியிலும் யோவானின் முதல் திருமுகத்திலும் வாழ்வு, ஒளி, உண்மை முதலிய சொற்கள் பயின்றுவர, வெளிப்பாட்டில் அவை அவ்வாறு வரவில்லை. முன்னையவற்றின் கிரேக்கம் வழுவற்றது, பின்னதன் கிரேக்கம் இலக்கண வழு மலிந்தது என்பன அவர் காட்டிய காரணங்கள். எபேசு நகரில் யோவான் பெயரால் இரு கல்லறைகள் உள்ளன எனவும் அவர் சுட்டினார். எகிப்தில் ஆயிரமாண்டு அரசுக் கொள்கையினரோடு அவருக்கிருந்த பூசலே இவ்வாய்வைத் தூண்டியது என்பது உண்மை. நோக்கம் பற்றுடையதாயினும் முறை பழுதற்றது. வெளிப்பாட்டை எழுதியவர் தூயவரே, யோவான் என்னும் பெயரினரே, திருத்தூதர் அல்லர் என்பதோடு அவர் நின்றமை அவர்தம் நிதானத்தைக் காட்டும். இன்றைய ஆய்வும் பெரும்பாலும் அம்முடிவிலேயே நிற்கிறது.

எபிரேயர் திருமுகம் மூன்றாம் நிலைக்கு எடுத்துக்காட்டு. அதனுள் ஆசிரியர் பெயர் இல்லை. திருமுகத் தொடக்கமும் இல்லை. கி.பி. 200ஐ ஒட்டியதாகக் கருதப்படும் 46ஆம் எண் பப்பைரசுச் சுவடி அதனை உரோமையருக்கு அடுத்துப் பவுலின் திருமுகங்களோடு வைத்தது. தெர்த்துல்லியன் பர்னபா என்றார். அலெக்சாந்திரியக் கிளமெந்து, பவுல் எபிரேயத்தில் எழுத லூக்கா பெயர்த்தார் என்றார். பின்னாளில் இலூத்தர் அப்பொல்லோ என்றார். ஆர்னாக்கு 1900இல் பிரிஸ்கில்லா என்னும் பெண்மணியை முன்மொழிந்தார். இத்தனை பெயர்களும் பெயரின்மையை மனிதர் தாங்கிக்கொள்ளாமைக்கே சான்று. ஒரிகன் மட்டும், கருத்து திருத்தூதருடையது, சொல்லும் அமைப்பும் அவர்தம் போதனையை நினைவிற்கொண்டு விரித்த வேறொருவருடையது எனப் பகுத்து, திருமுகத்தை எழுதியவர் யாரென்பதைக் கடவுளே அறிவார் என்று நிறுத்திக்கொண்டார். அங்கு அவர் ஆண்ட 'எழுதியவர்' என்னும் கிரேக்கச் சொல், உரோமையர் திருமுகத்தில் தெர்த்தியு தம்மைக் குறிக்க ஆண்ட அதே சொல்லாகும். ஆதலின் ஒரிகன் அறியாதது ஆசிரியரையா, எழுத்தரை மட்டுமா என்பதும் விவாதத்துக்கு உள்ளாயிற்று.

1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இத்திருமுகத்தின் தலைப்பில் பவுலின் பெயரைத் துணிந்து பொறித்தது. இன்று வழங்கும் தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்புப் பதிப்புகளில் அப்பெயர் இல்லை. 'எபிரெயருக்கு எழுதின நிருபம்' என்றே உள்ளது. நற்செய்திகளின் தலைப்பில் வினைமுதலை அழுத்தமாக நாட்டிய அதே பெயரெச்சம், இங்கு வினைமுதல் இன்றியே நிற்கிறது.